14.6 ஆண்டுகள்: ஓர் எண்ணை எப்படிப் படிப்பது?

தலித் பெண்களின் உடல்நலம் குறித்த துண்டறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் அடிக்கடி இடம்பெறும் எண் ஒன்று உண்டு. ஆதிக்க சாதிப் பெண்களைவிடத் தலித் பெண்கள் 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகின்றனர் என்பதே அது. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை இதை உலகறியச் செய்தது. இறந்த தலித் பெண்களின் சராசரி வயது 39.5, இறந்த ஆதிக்க சாதிப் பெண்களின் சராசரி வயது 54.1. மூலத் தரவு, 2004ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு.

இந்த எண் பொய்யன்று. ஆனால், அது சொல்வதாக நாம் கருதும் பொருளை அது சொல்லவில்லை. நாமே இதை அறிந்துகொள்ளாவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் நமக்கு அதைக் கற்பிப்பார். மக்கள்தொகையின் நலவாழ்வை ஆராயும் முறைகளைச் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் கற்கவேண்டிய தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு ஊர்கள், ஒவ்வொன்றிலும் 1000 பேர். இரண்டிலும் இறப்பின் ஆபத்து ஒன்றே: ஓராண்டில், 30 வயதுக்குட்பட்டோரில் 1000க்கு 5 பேரும், அதற்கு மேற்பட்டோரில் 1000க்கு 20 பேரும் இறக்கின்றனர். முதல் ஊரில் இளையோர் 800, மூத்தோர் 200. எனவே இறப்புகள் 4, 4. இரண்டாம் ஊரில் இளையோர் 400, மூத்தோர் 600. இறப்புகள் 2, 12. இறந்த இளையோரின் சராசரி வயது 10 என்றும் மூத்தோரின் சராசரி வயது 60 என்றும் கொண்டால், முதல் ஊரில் இறந்தோரின் சராசரி வயது 35. இரண்டாம் ஊரில் ஏறத்தாழ 53. ஆபத்தில் எள்ளளவும் வேறுபாடில்லை. ஆயினும் சராசரியில் 18 ஆண்டு இடைவெளி. காரணம், முதல் ஊரில் இளையோர் மிகுதி.

பட்டியல் சாதியினரிடையே இளையோரின் பங்கு ஆதிக்க சாதியினரிடையே உள்ளதைவிடக் கூடுதல். ஆகவே 14.6 என்னும் இடைவெளியில் சாதி விளைவித்த இறப்பும் வயதுக் கட்டமைப்பும் கலந்து கிடக்கின்றன. இறந்தவர்களை மட்டும் எண்ணினால் இக்கலப்பைப் பிரிக்க இயலாது. ஒவ்வொரு வயதிலும் உயிரோடிருந்தவர் எத்தனை பேர், அவர்களுள் இறந்தவர் எத்தனை பேர் என்று கணக்கிட வேண்டும். அதாவது, தொகுதியோடு பகுதியும் வேண்டும். இந்த வயதுவாரி விகிதங்களைக் கோத்து உருவாக்குவதே ஆயுள் அட்டவணை. அதிலிருந்து கிடைப்பதுதான் எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலம்.

அப்படியொரு ஆய்வு 2022இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகிய மூவரும், ஒன்பது மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2 கோடிப் பேரின் தரவுகளை ஆராய்ந்தனர். ஆதிக்க சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுட்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. 14.6 என்ற எண்ணுக்கு முன் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் குறுக்கு விசாரணையில் நிற்கக்கூடியது இதுவே. ஒரு சமூகத்தின் ஒவ்வொரு குழந்தையிடமிருந்தும் சராசரியாக மூன்றாண்டு வாழ்வு பறிக்கப்படுவது சிறிய செய்தியா?

“அது வறுமையின் விளைவு, சாதியின் விளைவன்று” என்னும் வாதம் அடுத்து எழும். அதற்கும் அதே ஆய்வில் விடை உண்டு. பொருளாதார நிலையைச் சமப்படுத்திப் பார்த்தபோதும், இடைவெளியில் பாதிக்கும் குறைவான பகுதிக்கே அது விளக்கமளித்தது. இங்கும் ஒரு முறையியல் எச்சரிக்கை தேவை. நிலமின்மையும் குறைந்த கூலியும் சாதி உண்டாக்கியவையே. சாதியின் விளைவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, எஞ்சியது மட்டுமே சாதி என்று கூறுவது, கைகால்களை நீக்கிவிட்டு உடலைத் தேடுவது போன்றது. எதைச் சமப்படுத்துகிறோம், ஏன் சமப்படுத்துகிறோம் என்ற வினாவை எந்த ஆய்வறிக்கையிடமும் எழுப்பப் பழக வேண்டும்.

இன்னொன்று: அந்த ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆகவே அந்த மூன்றாண்டுக் கணக்கைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்திப் பேசுவது பிழை. நம் மாநிலத்திற்கு நாமே கேள்வி எழுப்ப வேண்டும். இறப்பு விகிதங்களை ஆண்டுதோறும் வெளியிடும் மாதிரிப் பதிவுத் திட்டம் அவற்றைச் சாதிவாரியாகப் பிரித்துத் தருவதில்லை. தரவு இல்லாத இடத்தில் பாகுபாடும் இல்லை என்று அரசு வாதிட முடிகிறது. எனவே சாதிவாரியான இறப்புத் தரவைக் கோருவதும் உரிமைப் போராட்டமே.

கற்பதற்கு வழியுண்டு. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், நலவாழ்வு ஆய்வின் அடிப்படைகளை ஸ்வயம் இணையதளம் வழியாகக் கட்டணமின்றிக் கற்பிக்கிறது. தேர்வு எழுதுவோர் மட்டுமே கட்டணம் செலுத்த வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் தரவுத் தொகுப்புகளைப் பதிவு செய்து பெறலாம். கல்லூரி வாசகர் வட்டங்கள் ஒரு பருவத்தை இதற்கென ஒதுக்கலாம். அடுத்த துண்டறிக்கையில் ஓர் எண்ணை அச்சிடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: யாரை எண்ணினார்கள்? எத்தனை பேரில்? எந்த ஆண்டில்? எவரோடு ஒப்பிட்டு?