பாகவதருக்குத் தீர்ப்பு சொன்ன ஒன்பது பேர்

குத்தம்பாக்கத்துல இருந்து பேசுறேன். 1996ல இந்த ஊராட்சிக்குத் தலைவரா வந்த இளங்கோ ரங்கசாமி, கிராம சபையைக் கூட்டி ஜனங்களைப் பேச வச்சவர். வீடு, தண்ணி, தெருவிளக்குன்னு எதுவா இருந்தாலும் ஊர் கூடிப் பேசலாம்னு காட்டுன இடம் இது. ஆனா இதே ஊர்க்காரர் ஒருத்தர் மேல கொலைக் கேஸ் விழுந்து, கோர்ட்டுல கூண்டு ஏறினார்னு வைங்க. அவர் குத்தவாளியா இல்லையான்னு சொல்ல ஊருக்கு உரிமை கிடையாது. ஜட்ஜ் மட்டும்தான் சொல்லுவார்.

"இங்கிலீஷ் படத்துல பன்னெண்டு பேர் உக்காந்து முடிவு சொல்றாங்களே, அந்த ஜூரி நம்ம நாட்டுல ஏன் இல்ல?"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. இருந்துச்சுங்க. அதுவும் நம்ம சென்னைக் கோட்டையிலதான் தொடங்குச்சு.

1665ஆம் வருஷம். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில அசென்ஷியா டாவ்ஸ்னு ஒரு பெண்மணி, தன் வீட்டு அடிமைப் பொண்ணைக் கொன்னுட்டாங்கன்னு வழக்கு. ஜூரியில பன்னெண்டு பேர்: ஆறு இங்கிலீஷ்காரங்க, ஆறு போர்ச்சுகீசியர். முதல்ல ஒரு குழப்பமான பதில் சொன்னாங்க. திரும்பக் கேட்டதும் "குத்தவாளி இல்ல"ன்னுட்டாங்க. செத்துப்போன பொண்ணு மாதிரி ஒருத்தர்கூட அந்தப் பன்னெண்டு பேர்ல இல்ல. இதை மனசுல வச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

ஜூரி முறையில வேலை ரெண்டா பிரியும். நடந்தது என்ன, இவர் செஞ்சாரா இல்லையா, அதை ஜூரி சொல்லணும். சட்டம் என்ன, தண்டனை எவ்வளவு, அது ஜட்ஜ் பொறுப்பு. முக்கியமான விஷயம், ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்ல. தனி அறைக்குள்ள பேசிட்டு வந்து ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க.

அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும்னு தமிழ்நாடே பாத்துச்சு. 1944 நவம்பர்ல, சென்னை வேப்பேரியில லட்சுமிகாந்தன்ங்கிற பத்திரிகைக்காரரைக் கத்தியால குத்தினாங்க, மறுநாள் செத்துப்போனார். சினிமா நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானாங்க. அப்போ பிராட்வே தியேட்டர்ல பாகவதரோட 'ஹரிதாஸ்' ஓடிக்கிட்டிருந்துச்சு; மூணு தீபாவளி பாத்த படம். ஹைகோர்ட்டுல ஜட்ஜ் மாக்கெட் முன்னாடி விசாரணை. ஒன்பது பேர் ஜூரி. ஆறு பேர் "குத்தவாளி"ன்னாங்க, மூணு பேர் "இல்ல"ன்னாங்க. ஆறு பேர் ஒரே முடிவு சொல்லி, ஜட்ஜும் ஒத்துக்கிட்டா போதும். 1945 மே மாசம் ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை.

அந்த ஆறு பேர் எந்தச் சாட்சியை நம்புனாங்க? மூணு பேருக்கு எதுல சந்தேகம்? எங்கயும் எழுத்துல இல்ல. அப்பீல் தோத்து, அப்போ கடைசி அப்பீல் இடமா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், கேஸ் சென்னைக்கே திரும்பி வந்துச்சு. 1947 ஏப்ரல்ல ரெண்டு நீதிபதிகள் சாட்சியத்தைப் பிரிச்சுப் பாத்து, நம்ப முடியாதுன்னு விடுதலை பண்ணாங்க. கலைவாணர் மறுபடி எழுந்து நின்னார். பாகவதரால பழைய இடத்துக்கு வரவே முடியல, 1959ல காலமானார்.

அதே 1959லதான் பம்பாய்ல நானாவதி கேஸ். கடற்படை அதிகாரி நானாவதி சுட்டதுல ஒருத்தர் செத்தார். ஜூரி எட்டுக்கு ஒன்னுன்னு "குத்தவாளி இல்ல"ன்னுச்சு. செஷன்ஸ் ஜட்ஜ் அதை ஏத்துக்காம ஹைகோர்ட்டுக்கு அனுப்ப, அங்க ஆயுள் தண்டனை ஆச்சு. இந்தக் கேஸாலதான் ஜூரி ஒழிஞ்சுதுன்னு சொல்லுவாங்க. அது முழுசா சரியில்ல. 1958லேயே சட்ட ஆணையம் ஜூரியை எடுத்துடலாம்னு சொல்லியாச்சு. 1973ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்தப்போதான் கடைசியா மறைஞ்சுது. இன்னைக்கு பார்சி திருமண வழக்குகள்ல மட்டும் அதோட சாயல் மிச்சம் இருக்கு.

ஆனா பக்கத்து இலங்கையில ஜூரி இன்னும் இருக்கு, ஏழு பேர். தமிழ் எம்.பி. நடராஜா ரவிராஜ் 2006ல கொழும்புல சுட்டுக் கொல்லப்பட்டார். 2016 டிசம்பர்ல, சிங்களம் பேசுற ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட அஞ்சு பேரையும் விடுவிச்சுது. காரணம்? ஜூரி காரணம் சொல்றதில்லயே. 1665ல கோட்டையில செத்தவங்க பக்கத்து ஆளுக்குக் காலியா இருந்த இடம், 351 வருஷம் கழிச்சு கொழும்புலயும் காலியாத்தான் இருந்துச்சு. 'பொதுஜனம் தீர்ப்பு சொல்லுது'ன்னா, அதுல யார் உக்காந்திருக்காங்க, யார் இல்லன்னு கேக்கணும்.

அப்போ ஒத்தை ஜட்ஜ் தப்பே பண்ண மாட்டாரா? பண்ணுவார். பக்கத்துல பூந்தமல்லிக்கு வாங்க. ராஜீவ் காந்தி கொலை வழக்கு, இங்க தடாங்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டக் கோர்ட்டுல, மூடுன கதவுக்குள்ள நடந்துச்சு. 1998 ஜனவரி 28ல 26 பேருக்கும் தூக்கு. அடுத்த வருஷம் மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒவ்வொருத்தருக்கும் எதிரா என்ன ஆதாரம்னு தனித்தனியா பாத்துச்சு. நாலு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி பண்ணி, மூணு பேருக்கு ஆயுளா குறைச்சு, 19 பேரை விடுவிச்சுது. பூந்தமல்லி ஜட்ஜ் காரணங்களை எழுதி வச்சதாலதான் மேல இருந்தவங்களால அதை வரிவரியா எடைபோட முடிஞ்சுது. ஒரே வார்த்தை தீர்ப்பா இருந்தா எதைப் பிடிச்சு வாதாடுறது? அதனால ஜூரி திரும்ப வரணும்னு நான் கேக்க மாட்டேன்.

ஆனா மூடுன கதவை என்னால ஒத்துக்க முடியல. நம்ம சட்டப்படி குற்ற வழக்கு விசாரணை திறந்த கோர்ட்டுலதான் நடக்கணும். பாலியல் வன்கொடுமை மாதிரியான வழக்குகளும், ஜட்ஜ் தடுக்குற சந்தர்ப்பங்களும் மட்டும்தான் விலக்கு. மத்தபடி இடம் இருக்குற வரைக்கும் யார் வேணா உள்ள போய் உக்காரலாம். வாய்தாவுக்கு வந்தவரா இருக்கணும்னு அவசியமில்ல.

கிராம சபையில கை தூக்குன ஊருங்க இது. வேலை இல்லாத ஒரு நாள் பூந்தமல்லிக்கு பஸ் ஏறுங்க. செல்போனை அணைச்சுட்டு, கோர்ட்டுல பின்பெஞ்சுல உக்காந்து, ஒரு சாட்சியோட குறுக்கு விசாரணையை முழுசா கேளுங்க. என்ன பாத்தீங்கன்னு கீழ எழுதுங்க.