ஐவிரல் சங்குகளின் பின்னறையில்

உள்ளே விட்டுவிட்டார்கள்! மன்னார் வளைகுடாக் கரையோர ஆய்வுக்கூடம் ஒன்றில், பார்வையாளர் கூடத்தைத் தாண்டி, பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம் நிற்கிறோம். மூக்கில் முதலில் ஏறுவது ஸ்பிரிட் வாசனை. பிறகு வியர்வை. தலைக்கு மேல் மின்விசிறி இருக்கிறது, ஆனால் போடமாட்டார்கள். போட்டால் மேசை முழுக்கப் பரப்பிய பெயர்ச்சீட்டுகள் பறந்துவிடும்!

மேசையைப் பாருங்கள். தேய்ந்த டூத் பிரஷ்கள், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள், நடுவே விரல் விரித்த ஐவிரல் சங்குகள். ஸ்ட்ராம்பிடே குடும்பம், லாம்பிஸ் பேரினம். நம் கோயில்களில் ஊதும் சங்கு இந்தக் குடும்பமே இல்லையாம், அது டர்பினெல்லிடே! கேட்டதும் வாயைப் பிளந்தேன்.

ஓடுகளைத் தேய்த்துக் கழுவும் அக்கா, விரலே இல்லாத சின்ன ஓடு ஒன்றைக் கையில் வைத்தார். "இதுவும் அதே சங்குதான் தம்பி. சின்னப்புள்ள. வளந்து முடிஞ்சாத்தான் விரல் வரும்." பெரியவற்றிலும் பெண்ணுக்கு விரல் நீளம், ஆணுக்குக் கட்டை. ஓட்டை மட்டும் பார்த்து இனம் பிரிப்பவர் பாடு எப்படியிருக்கும்!

அடுத்த இழுப்பறையில்தான் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே சங்கு, அடியில் மூன்று சீட்டுகள். 1758-இல் லின்னேயஸ் வைத்த பெயர் ஸ்ட்ராம்பஸ் சிராக்ரா. 1798-இல் ரோடிங் லாம்பிஸ் பேரினத்தை உண்டாக்க, அது லாம்பிஸ் சிராக்ரா ஆனது. இப்போது, மோர்க் 1852-இல் தந்த ஹார்பாகோ. பழைய சீட்டை ஏன் கிழிக்கவில்லை? "வீட்டு வாசல்ல பழைய எண், புதிய எண் ரெண்டும் எழுதுறோமே, அது மாதிரி" என்றார் அக்கா. அறையே சிரித்தது.

பெயர்மாற்றம் இன்னும் ஓயவில்லை. விரல்சங்குகள் ஸ்ட்ராம்பஸ் கிளைகளின் நடுவிலிருந்தே முளைத்தவை என்று 2006-இல் மரபணு ஆய்வு காட்டியது. 2012-இல் லாம்பிஸிலிருந்து இன்னொரு கிளையும் பிரிந்து ஓபியோகுளோசோலாம்பிஸ் ஆனது. சீட்டு எழுதுபவர் அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிக்காட்டினார், நாங்கள் கைதட்டினோம்!

கடைசியாகத் தொட்டி. உயிருள்ள ஐவிரல் சங்கு! ஓட்டின் விளிம்பில் சின்னப் பள்ளம். அதன் வழியே காம்பு நீட்டி ஒரு கண் எங்களை எட்டிப்பார்க்கிறது. குடும்ப அடையாளமே அந்தப் பள்ளம்தான். மல்லாக்கப் போட்டார்கள். அரிவாள் போன்ற மூடியை மணலில் ஊன்றி, ஒரே உதை, திரும்பிவிட்டது!

இந்தச் சீட்டுகள் வெறும் பெயர் விளையாட்டு இல்லை. 2001-இல் வனவிலங்குச் சட்டப் பட்டியலில் சிராக்ரா சேர்ந்தபோது லாம்பிஸ் என்றே எழுதினார்கள். இப்போதைய வகைப்பாட்டுப் புத்தகம் ஹார்பாகோ என்கிறது. இரண்டும் ஒன்றே என்று காட்டுவது இழுப்பறையின் அந்தச் சீட்டுகள்தான். நீங்களும் உதவலாம். கரையில் விரல்சங்கு கண்டால் வாய்ப்பக்கமும் தெரியப் படம் எடுங்கள், இடமும் தேதியும் குறித்துவையுங்கள், சங்கை அங்கேயே விட்டுவிடுங்கள்.