செவிக்குள் ஒரு கருவி: விலையும் பயனும்

செவி இறைவன் ஈந்த அருங்கொடை. மாற்கு எழுதிய நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், காது கேளாதவரின் செவிகளில் ஆண்டவர் தம் விரல்களை இட்டு அவற்றைத் திறந்தருளியதை வாசிக்கிறோம். திருமுழுக்கின் 'எப்பத்தா' சடங்கு அதனையே நினைவூட்டுகிறது. அத்தகைய செவியினுள் நம் பிள்ளைகள் நாள்தோறும் பொருத்திக்கொள்ளும் இயர்போனைப் பற்றிப் பெற்றோர் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம்.

காதினுள் செருகும் வகையை 'இன்-இயர் மானிட்டர்' என்பர். மேடையில் பாடுவோர் தம் குரலைத் தாமே தெளிவாகக் கேட்பதற்குப் பயன்படுத்திய இக்கருவியை இன்று மாணவரும் பாடகற்குழுவினரும் விரும்பி வாங்குகின்றனர். 2,000 முதல் 8,000 ரூபாய் வரை உள்ளவற்றை நடுத்தர விலையின என இங்கே கொள்வோம்.

ஒலியைச் சோதிக்கும் முறை

நன்கு பழகிய பாடலையே கேட்க வேண்டும். நான்கு குரல்களில் அமைந்த பாடலாயின், நடுக்குரல்கள் இரண்டும் தனித்தனியே புலப்படுகின்றனவா? மிருதங்கத்தின் தொப்பி ஒலி, பாடுவோர் குரலை மூழ்கடிக்காமல் ஒலிக்கிறதா? 'ச', 'ஸ' ஆகிய ஓசைகள் செவியைக் குத்துகின்றனவா? இரு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருத்தல் இன்றியமையாதது; ஏனெனில் உரத்து ஒலிப்பதே சிறந்தது என்று செவி எளிதில் ஏமாந்துவிடும்.

கீழ்த்தாய ஒலி மெலிந்து கேட்டால் உடனே கருவியைப் பழிக்கலாகாது. நுனியிலுள்ள ரப்பர் உறை காதுத் துளையோடு இறுகப் பொருந்தாவிடின் அவ்வொலி கசிந்துவிடும். உறையின் அளவை மாற்றிப் பார்த்த பின்னரே முடிவு செய்க.

விலைக்கேற்ற பயன்

ஒரு காதுக்கு ஐந்து ஒலிப்பான்கள், ஆறு ஒலிப்பான்கள் என்னும் விளம்பரம் தரத்திற்குச் சான்றாகாது. நன்கு அமைக்கப்பட்ட ஒன்றே, ஒத்திசையாத பலவற்றினும் மேலானது. பெரும்பாலும் முதலில் பழுதுறுவது கம்பியே. ஆகவே கம்பியைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய கருவி பல்லாண்டு உழைக்கும். கைபேசியில் அதற்குரிய துளை உண்டா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்க. ஒரு நிலைக்குமேல் விலை இருமடங்கானாலும் இனிமை இருமடங்காவதில்லை.

செவிக்குக் காவல்

உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வாரத்திற்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் என்பதே உலக நலவாழ்வு நிறுவனம் பெரியோர்க்கு வகுத்த எல்லை. 90 டெசிபெல்லாயின் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். சிறுவர்க்கு 75 டெசிபெல்லே தக்கது. நன்கு பொருந்தும் கருவி புறவோசையைத் தடுப்பதால், பேருந்திலும் குறைந்த ஒலியளவே போதுமானதாகிறது. செலவிடும் பணத்திற்குக் கிட்டும் மெய்யான ஆதாயம் இதுவே. ஆயினும் அதே காரணத்தால், சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதனை அணிதல் ஆபத்தாகும்.

பெற்றோரே, வெறுமனே மறுப்பதும், கேட்டதையெல்லாம் வாங்கித் தருவதும் விவேகமன்று. பிள்ளையோடு அமர்ந்து, அவன் கேட்கும் இசையை நீங்களும் கேளுங்கள்; ஒலியளவிற்கு எல்லை வகுங்கள். குடும்பச் செபமாலை வேளையில் மட்டும் அக்கருவி பெட்டிக்குள் உறங்கட்டும். ஒருவர் குரலை ஒருவர் கேட்கும் இல்லத்திலேதான் இறைவனின் குரலும் தெளிவாகக் கேட்கும்.