கட்டற்ற மென்பொருளும் அதன் கையேடும்

இணையத்தில் கிடைப்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். விக்கிப்பீடியாவின் பத்திகளை அப்படியே எழுதி, அடியில் தம் பெயரை இட்டு ஆசிரியையிடம் கொடுத்தவர்களும் நம்முள் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தியே. அது முறைதானா என்று அறிய, 'உரிமம்' என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் கதையோ, கட்டுரையோ, கணினி நிரலோ எழுதியவுடனேயே அதன் பதிப்புரிமை அவருக்கு உரியதாகிறது. பதிவு செய்தல் கட்டாயமன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) பொதுவாக அவருடைய ஆயுட்காலத்திலும், அதன்பின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமையைக் காக்கிறது. உரிமம் என்பது, ஆசிரியர் தம் படைப்பை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கும் அனுமதியாகும்.

1983-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், அதன் மூலநிரலைக் கற்று மாற்றவும், பிறருக்கு நகல் கொடுக்கவும், மாற்றியதைப் பகிரவும் எல்லாருக்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1989-இல் வெளிவந்த குனூ பொதுமக்கள் உரிமம் இதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தது. மாற்றி வெளியிடுவோர், தாம் பெற்ற அதே உரிமைகளைப் பிறருக்கும் தர வேண்டும். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ், 1992-இல் இவ்வுரிமத்தை ஏற்றது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடிப்படையாக இருப்பதும் லினக்ஸே.

கட்டற்றது வேறு, இலவசம் வேறு. கட்டற்ற மென்பொருளை விலைக்கும் விற்கலாம். ஆனால் வாங்கியவரின் உரிமையைப் பறிக்கலாகாது.

மென்பொருளுக்குச் சரி, கையேட்டுக்கு எதற்கு உரிமம்? அம்மா எழுதிவைத்த குழம்புக் குறிப்பில் புளிக்குப் பதில் தக்காளி சேர்க்கலாம், ஆனால் குறிப்பேட்டைத் திருத்தக்கூடாது என்றால், அடுத்துச் சமைப்பவர் குழம்பிப் போவார் அல்லவா? அதுபோல நிரலை மாற்றுவோர் கையேட்டையும் திருத்த இயல வேண்டும். இதற்கென 2000-ஆம் ஆண்டில் குனூ கட்டற்ற ஆவண உரிமம் வெளிவந்தது. 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியாவும் அதையே ஏற்றது. ஆனால் அது பெரிய நூல்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. ஒரு பக்கக் கட்டுரையை அச்சிட்டாலும் நீண்ட உரிமம் முழுவதையும் சேர்த்து அச்சிட வேண்டியிருந்தது. எனவே 2009-இல் விக்கிப்பீடியா, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறியது. படைத்தவரைக் குறிப்பிடுக, மாற்றியிருந்தால் அதைச் சொல்லுக, அதே உரிமத்தில் பகிர்க என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள்.

ஆகவே தோழியரே, விக்கிப்பீடியாவிலிருந்து எடுப்பது தவறன்று. எடுத்த இடத்தை மறைத்து, நம்முடையது என்று காட்டுவதே தவறு. ஆண்டவர் ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்த புதுமையைக் கூறும் யோவான் நற்செய்தி, அவற்றை வைத்திருந்த சிறுவனையும் குறிப்பிட மறக்கவில்லை. பகிர்வதால் பலுகும் அறிவை உண்டு வளரும் நாமும், அதைத் தந்தவர்களை மறவாதிருப்போமாக!