அடியும் அடங்கலும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிராமங்களில் ஆசான் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் மட்டுமல்ல. அடிமுறை கற்றுக் கொடுப்பவரும் ஆசான்தான்; கை பிசகியவனுக்கு எண்ணெய் தடவிக் கட்டுப் போடுபவரும் ஆசான்தான். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளையில் எல்லை விழுந்தது; கலைக்கு எல்லை விழவில்லை. இங்கே தெற்கன் களரி என்பதும், குமரி மாவட்டத்தில் அடிமுறை என்பதும் ஒரு தாய் மக்களே. வடக்கன் களரியார் பரசுராமரைச் சொல்வார்கள். தெற்கே அகத்தியரைச் சொல்வார்கள். வர்மச் சுவடிகள் தமிழிலேயே உள்ளன. 1996-ல் வந்த 'இந்தியன்' படம் வர்மத்தையும், 2020-ல் வந்த 'பட்டாஸ்' படம் அடிமுறையையும் ஊரறியச் செய்தன.

சுவடு வைப்பதில் தொடங்கும் இப்பயிற்சியில் வர்மம் கடைசிப் பாடம். உடம்பில் 108 வர்மங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது கணக்கு. எங்கே அடித்தால் விழுவான் என்று சொல்லுகிற ஆசான், விழுந்தவனை எழுப்பும் அடங்கலையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது முறை. பொறுமை இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாடம் கிடையாது.

இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் பார்ப்பது வேறொரு சண்டை. 1993-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கிய யு.எஃப்.சி. கூண்டுச் சண்டை அது. அதில் கைவீச்சுக்குப் பேர் போனவர் சக் லிடெல். கல்லூரியில் கணக்கியல் படித்துப் பட்டம் வாங்கியவர். பேரேடு பார்க்க வேண்டிய கை முஷ்டி பிடித்தது. 2003-ல் தம்மைத் தோற்கடித்த ராண்டி கோட்டூரை 2005 ஏப்ரலில் வீழ்த்திப் பட்டம் பெற்றார். நான்கு முறை அதைக் காப்பாற்றி, 2007 மே மாதத்தில் இழந்தார்.

பிறகு வந்தது இறங்குமுகம். 2008, 2009, 2010 என்று ஆண்டுக்கு ஒருமுறை அடி வாங்கிச் சாய்ந்தார். 2010 டிசம்பரில் ஓய்வு அறிவித்தார். அதே நிறுவனத்தில் அலுவலகப் பதவி கிடைத்தது. 2016-ல் நிறுவனம் கைமாற, அந்தப் பதவியும் போயிற்று. 2018 நவம்பரில், 50 வயதை நெருங்கும் வேளையில் மறுபடி களமிறங்கி, முன்பு இரண்டு முறை தாம் வென்ற டிட்டோ ஆர்ட்டிஸிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தார்.

வீரத்தில் அவருக்குக் குறைவில்லை. அடிக்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தத் தெரிவது கடினம் என்பதுதான் இதில் கண்ட பாடம். சம்பளமும் கைதட்டலும் அடியில் மட்டும் இருந்தால், அடி ஓய்ந்த நாளில் என்ன செய்வது? எல்லைக் கிராமத்து ஆசானுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. களத்தை விட்டு இறங்கும் நாளில் அவருக்கு வைத்தியத் திண்ணை காத்திருக்கிறது. கற்ற கலை ஒன்றே, பயன் மாறுகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிடரி, தொண்டை, முதுகெலும்பு, அடிவயிற்றுக்குக் கீழ் ஆகிய இடங்களில் அடிப்பது இன்றைய கூண்டுச் சண்டை விதிப்படி குற்றம். ஆசான்கள் மறைத்துக் காத்த இடங்களையே அங்கே விதி போட்டுக் காக்கிறார்கள்.

பிள்ளையைச் சண்டைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் ஒன்றை மறக்கலாகாது. தலையில் பலமுறை படும் அடி மூளையைக் கெடுக்கும். தலையில் அடிபட்டபின் வாந்தியோ மயக்கமோ கண்டால் எண்ணெயும் தடவலும் போதாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பயிற்சியில் சேர்க்கும்போது, அடிக்கச் சொல்லிக் கொடுப்பாரா என்று மட்டும் கேட்டால் போதாது. அடங்கலும் தெரிந்தவர்தானா என்று கேட்டறிந்து சேர்ப்பது நல்லது.