ஒரே ஆயில், மூன்று வாய்

பழைய மினி காரின் பானெட்டைத் திறந்தால் முதலில் சிரிப்புதான் வரும். இத்தனை சின்ன இடத்துக்குள் இத்தனை சாமானா! இன்ஜின் குறுக்கே நிற்கிறது. ரேடியேட்டர் ஒரு ஓரமாக ஒதுங்கி, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கியர்பாக்ஸ் எங்கே என்று தேடினால், இன்ஜினுக்கு அடியில், ஆயில் நிற்க வேண்டிய சம்ப்புக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கும். பத்தடி நீளக் காரில் நாலு பேரை உட்கார வைக்க 1959-இல் அலெக் இஸிகோனிஸ் செய்த வித்தை இது. இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில்.

இந்தக் காருக்கு டர்போ மாட்ட ஆசைப்படுகிறவர்கள் பிரிட்டனில் இன்றும் இருக்கிறார்கள். ஆசை வந்ததும் கேட்பது, எந்த டர்போ அதிக பவர் தரும் என்று. கேட்க வேண்டியது, அந்தக் கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும் என்று.

டர்போ செய்யும் வேலை ஊதுகுழலால் அடுப்பு ஊதியவர்களுக்குப் புதிதல்ல. சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூட்டுப் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் (கம்ப்ரஸர்) வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் பூஹி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

கடைக்குப் போகும் முன் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொள்வது நல்லது. மினியின் ஏ-சீரீஸ் குடும்பத்தில் பெரிய இன்ஜின் 1275 சி.சி. (நம் அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. பி-சீரீஸ் இதற்கு அண்ணன் முறை.) இது 6,000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு, ஆகவே நிமிடத்துக்கு 3,825 லிட்டர். இந்தப் பழைய இன்ஜின் முழு மூச்சு இழுக்கிற சாதி இல்லை. 80 சதவீதம் என்று வைத்தால் சுமார் 3,060 லிட்டர், எடையில் மூன்றரைக் கிலோ காற்று.

இதன்மேல் 7 பி.எஸ்.ஐ. பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம், கொடுத்தால் மொத்த அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை (1.48) மடங்காகும். காற்றும் ஒன்றரை மடங்காகிவிட்டது என்று குதிக்கக் கூடாது. அமுக்கினால் காற்று சுடும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, சுமாரான கம்ப்ரஸரிலிருந்து 90 டிகிரியில் வெளியே வரும். சூட்டில் விரிந்துவிடுவதால் கையில் நிற்கும் லாபம் கால் பங்குதான்: நிமிடத்துக்குச் சுமார் 4.4 கிலோ. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 45 கிராம் காற்று என்பது டியூனிங் ஆட்களின் கைக்கணக்கு. வகுத்துப் பார்த்தால் சுமார் 98 வருகிறது.

இந்த எண்ணை உரசிப்பார்க்க ஒரு கார் இருக்கிறது. 1982-இல் வந்த எம்.ஜி. மெட்ரோ டர்போவில் இதே 1275 இன்ஜின், அதில் கேரட் டி3 டர்போ, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கிடையாது. கம்பெனி சொன்ன திறன் 93. டர்போ இல்லாத எம்.ஜி. மெட்ரோவில் 72.

அந்த டர்போ இதைவிட அதிகம் கொடுத்திருக்கும். கொடுக்க விடவில்லை. மெட்ரோவிலும் கியர்பாக்ஸ் சம்ப்புக்குள்தான் இருந்தது, தாழ்ந்த சுற்றில் திடீரென்று முறுக்கு ஏறினால் பற்கள் தாங்காது. அதனால் பூஸ்டைக் கீழ்ச்சுற்றில் சுமார் 4 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்தி, மேலே போகப்போக 7 வரை அவிழ்த்துவிடும்படி, புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டை மின்சுற்றால் ஆட்டிவைத்தார்கள். இன்ஜின் வேலையில் லோட்டஸ் கம்பெனிப் பொறியாளர்களின் கை இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குள் சோடியம் நிரப்பிச் சூட்டைக் கடத்தினார்கள். வீட்டு ஷெட்டில் டர்போ மாட்டுகிறவர் முதலில் பிடுங்கி எறிவது அந்தப் பூஸ்ட் கடிவாளத்தைத்தான். எனக்கு அந்தக் காரிலேயே மிகவும் பிடித்த பகுதி அது.

டர்போவின் அளவை கம்ப்ரஸர் மேப் என்ற படத்தைப் பார்த்துத் தேர்வுசெய்ய வேண்டும். மலையின் உயரக்கோட்டு வரைபடம் மாதிரி இருக்கும். குறுக்கே காற்றின் அளவு, நெடுக்கே அழுத்த விகிதம். நடுவில் இருக்கும் தீவில்தான் கம்ப்ரஸர் சூட்டைக் குறைத்துக் காற்றை அதிகம் தரும். நம் 4.4 கிலோவும் 1.48 விகிதமும் அந்தத் தீவை ஒட்டி விழ வேண்டும். டர்போ பெரிதானால் புள்ளி இடப்பக்கம் நகர்ந்து, காற்று வந்த வழியே திரும்பித் துப்பும் எல்லைக்குப் போய்விடும். 1973-இன் பி.எம்.டபிள்யூ 2002 டர்போ மிதித்த பிறகு யோசித்துவிட்டுப் பாயும் கார் என்றே பேர் வாங்கியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் சாப் கம்பெனி தன் 99 காருக்குச் சின்ன டர்போவாகப் பார்த்து மாட்டியது, அதை வைத்துக் கடைக்குப் போய்வர முடிந்தது. என் ஓட்டு சாப் பக்கம்.

பழைய இரும்புக் கடையில் சின்ன டீசல் காரின் டர்போ சல்லிசாகக் கிடைக்கும். அளவும் பொருந்தும். ஆனால் டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகை மிகவும் கூடுதலாகச் சுடும், டீசலுக்கென்று வார்த்த இரும்பு அதில் வெடிக்கலாம். எதை வாங்கினாலும் கம்ப்ரஸர் மூக்கை இரு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும், ஆயில் படலம் நிற்கும் இடம் அது. முன்னும் பின்னும் இழுக்கும்போது கைக்கு ஆட்டம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஏ-சீரீஸின் ஹெட்டில் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. நாலு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் வழி. 1-க்கும் 2-க்கும் ஒன்று, 3-க்கும் 4-க்கும் ஒன்று. ஃபயரிங் வரிசை 1-3-4-2. அதாவது 2 இழுத்து முடிக்கும் முன் 1 வாய் வைக்கும், 3-இன் பங்கில் 4 கை போடும். ஒரே தட்டில் சாப்பிடும் அண்ணன் தம்பி கதைதான். பூஸ்ட் ஏறும்போது எந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைகிறதோ அங்கே கலவை தாறுமாறாக வெடித்து நாக்கிங் பிடிக்கும், பிஸ்டன் போகும். ஆகவே கம்ப்ரஷனைக் குறைப்பது, இக்னிஷனைப் பின்தள்ளுவது, கலவையைத் தாராளமாக விடுவது எல்லாம் மோசமான சிலிண்டரை மனதில் வைத்துத்தான். 1962-இன் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் நாக்கிங்கை அடக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்து தெளித்தது. வாங்கியவர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். பிற்பாடு பல கார்களிலிருந்து டர்போவையே கழற்றிவிட்டார்கள்.

கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்தால் இணைப்பு சுலபம், ஆனால் த்ராட்டில் மூடியதும் உண்டாகும் உறிஞ்சலில் டர்போவின் சீல் வழியாக ஆயில் கசியும். மெட்ரோ மாதிரி பின்னால் வைத்தால் எஸ்.யூ. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்துக்கும் பூஸ்ட் அழுத்தம் போக வேண்டும், பெட்ரோல் பம்பும் அதற்கு மேல் சில பி.எஸ்.ஐ. தள்ள வேண்டும். இல்லையென்றால் மிதித்த நேரத்தில் பெட்ரோல் வராது. மினியில் இவ்வளவும் இன்ஜினுக்குப் பின்னால், டாஷ்போர்டை ஒட்டிய தகட்டுப் பக்கம் அடங்க வேண்டும். அந்தத் தகட்டை வெட்டிக் குழி எடுத்தவர்கள் ஏராளம். எனக்கு மனசு வராது.

மிச்சமிருப்பது ஆயில். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. மினியில் அந்த ஆயில் கியர் பற்கள் அரைத்துவிட்டு அனுப்பிய அதே ஆயில். நல்ல ஃபில்டர் வேண்டும், சீக்கிரம் சீக்கிரம் மாற்றவும் வேண்டும். டர்போவிலிருந்து திரும்பும் குழாய் அகலமாக, நேரே கீழிறங்கி, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். அங்கே பம்ப் கிடையாது, தானாக வழிய வேண்டியதுதான். முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும்.

சம்ப்பின் அடியில் இருக்கும் வடிப்பு மூடியின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. ஆயில் மாற்றும்போது அதைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். மினுக்கும் சில்லு ஒன்று தெரிந்தால், பூஸ்டைக் குறைத்துவிட்டு, எந்தக் கியரின் பல் என்று தேட ஆரம்பிக்க வேண்டும்.