இஞ்சித் தேநீர்: கைமருந்தும் அதன் எல்லையும்

மாரி தொடங்கித் தடிமனும் தொண்டைநோவும் வந்தால், நற்பிட்டிமுனையில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் பெத்தாமார் தேடுவது இஞ்சியைத்தான். 1990 இல் மூண்ட போரும் 2004 டிசம்பர் 26 கடற்கோளும் இக்கரையோர மக்கள் பலரை வீடுவாசலிலிருந்து பெயர்த்தன. கடற்கோளில் இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. வளவை இழந்த குடும்பம் கிணற்றடி இஞ்சியையும் இழந்தது. வளவில் கிண்டியதைக் கடையில் வாங்கவேண்டியதாயிற்று. ஆகவே இஞ்சியை வீணாக்காது பயன்படுத்தவும், காணியின்றியே வளர்க்கவும் நாம் அறிந்திருத்தல் நன்று.

தயாரிக்கும் முறை

நால்வருக்குப் பெருவிரலளவு இஞ்சி போதும். மண் போகக் கழுவி, தோல் சுரண்டி, நசுக்குங்கள். ஐந்து கோப்பை நீரில் இட்டு மூடி, சிறு நெருப்பில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இறக்கிய பின்னரே இரண்டு தேக்கரண்டி தேயிலையைப் போட்டு, மூன்று நிமிடத்தில் வடியுங்கள். தேயிலையையும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் சாயம் கைக்கும். சீனியோ பனங்கட்டியோ அளவோடு சேர்க்கலாம். பச்சை இஞ்சி இல்லாவிடில் வேர்க்கொம்பைத் தட்டிப் போடலாம். அதன் காரம் அதிகமாதலால் குறைவாகவே போடுங்கள்.

எல்லையை அறிவோம்

இஞ்சி குமட்டலைத் தணிக்கும்; சூடான பானம் தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் தடிமனை உண்டாக்கும் கிருமியை அது கொல்லாது. டெங்குக் காய்ச்சலையும் மாற்றாது. பிள்ளைக்குக் காய்ச்சல் தொடரும்போது, கைமருந்தையே நம்பி நாட்களைக் கடத்தும் வழக்கத்தை நாம் பல குடும்பங்களில் கண்டிருக்கிறோம். இது உயிருக்கே ஆபத்தானது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, கடும் வயிற்றுநோ, விடாத வாந்தி, இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ உடனே கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அஸ்பிரின், இபுபுரோஃபன் கொடுக்கவே வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. தேயிலைச் சாயம் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைப்பதால், இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் கர்ப்பிணித் தாய்மார் அத்துடன் தேநீர் அருந்தாது இரண்டு மணிநேரம் விடுவது நல்லது.

உரப்பையில் இஞ்சி

பழைய உரப்பையின் அடியில் துளையிட்டு, மண், மணல், மக்கிய சாணம் கலந்து நிரப்புங்கள். முளையுள்ள இஞ்சித் துண்டை இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, அரைநிழலில் வைத்து, மண் காயாமல் நீர் விடுங்கள். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். மாரியில் பையைக் கற்களின் மேல் உயர்த்தி வையுங்கள். எட்டு, ஒன்பது மாதங்களில் இலை மஞ்சளித்துச் சாயும்போது கிண்டலாம்.

மீண்டும் இடம் மாற நேர்ந்தால் இப்பை உங்களுடனேயே வரும். சொந்தக் காணி இன்னும் கைக்கு வராத குடும்பத்துக்கு இது சிறு காரியமன்று. கிண்டும் நாளில் விதைக்கென ஒரு துண்டை எடுத்துவையுங்கள். இன்னொரு துண்டை அயல்வீட்டு உம்மாவுக்கோ அம்மாவுக்கோ கொடுங்கள்.